செய்தவர் யார்?

இத்தாலி நாட்டின் வடபகுதியில், போ ஆற்றங்கரையில், கிரெமோனா என்னும் ஊர் உள்ளது. பேரூர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும், வயலின் பேசப்படும் இடமெல்லாம் இவ்வூரின் பெயரும் சேர்த்தே பேசப்படுகிறது. அமாத்தி, குவார்னேரி, ஸ்ட்ராடிவாரி ஆகிய மூன்று குடும்பத்தாரும் இங்கே அண்டை அயலாராய்ப் பட்டறை வைத்து வாழ்ந்தனர். அவர்களுள் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி தொண்ணூறு வயதைக் கடந்து 1737இல் மறைந்தார். முதுமையிலும் உளி அவர் கையைவிட்டு நீங்கவில்லை. அவர் பட்டறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் வெளிவந்திருக்க வேண்டும் என்றும், அவற்றுள் ஏறத்தாழ 650 இன்று எஞ்சியுள்ளன என்றும் ஆய்ந்தோர் கணக்கிட்டுள்ளனர்.

அவர் தம் கருவிகளின் உள்ளே சிறு தாளொன்றை ஒட்டிவைத்தார். கிரெமோனா நகரத்து ஸ்ட்ராடிவாரி இன்ன ஆண்டில் செய்தது என்பது அத்தாளின் இலத்தீன் வாசகத்தின் பொருள். வயலினின் மேற்பலகையில் உள்ள துளை வழியே உற்று நோக்கினால் அச்சீட்டைப் படிக்கலாம். இன்று உலகில் இதே வாசகத்தைத் தாங்கிய வயலின்கள் பல்லாயிரம் இருக்கின்றன. பிரான்சின் மிர்கூர், ஜெர்மனியின் மார்க்நோய்கிர்ஹன், மிட்டன்வால்ட் முதலிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் மலிவு விலைக் கருவிகள் மிகுதியாகச் செய்யப்பட்டன. அவற்றுள்ளும் ஸ்ட்ராடிவாரியின் பெயர்ச்சீட்டை அச்சடித்து ஒட்டினர். எல்லாரும் ஏமாற்றும் நோக்கத்தோடுதான் ஒட்டினர் என்று கூறுவது முறையன்று. "இஃது அவருடைய அமைப்பைப் பின்பற்றிச் செய்தது" என்பதற்கு அடையாளமாகவே பலர் ஒட்டினர். வாங்கியவரும் அவ்வாறே அறிந்து வாங்கினர். ஆனால் வாங்கியவர் மறைந்து, அவர் பேரன் பரண்மேல் கிடந்த பெட்டியைத் திறக்கும்போது அடையாளம் சான்றாக மாறிவிடுகிறது. அச்சீட்டின் அடியில் "ஜெர்மனியில் செய்யப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் பேரனுடைய கனவு அங்கேயே கலைந்துவிடும். இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் இயற்றிய பிறகே அத்தகைய வரிகள் பெருகின. சீட்டில் "செக்கோஸ்லோவாக்கியா" என்று இருந்தாலோ ஐயத்திற்கே இடமில்லை. அந்த நாடு பிறந்ததே 1918இல்தான்.

இவையெல்லாம் எளிய வழக்குகள். அரிய வழக்குகளில்தான் மெய்ம்மை பற்றிய வினா எழுகிறது. பழைய வயலின் ஒன்றைக் கையிலேந்தி, "இதனைச் செய்தவர் இன்னார்" என்று ஒருவர் தீர்ப்பு வழங்குகிறாரே, அவர் அறிந்து கூறுவது எவ்வளவு? நம்பிக் கூறுவது எவ்வளவு?

கருவியை ஆய்பவர் பெயர்ச்சீட்டைக் கடைசியில்தான் பார்ப்பார். தாளை ஒட்டவும் முடியும், பெயர்க்கவும் முடியும். மெய்யான சீட்டே பொய்யான கருவிக்குள் குடியேறிய கதைகளும் உண்டு. ஆகவே அவர் முதலில் கழுத்தின் முனையிலுள்ள சுருள்தலையை நோக்குவார். சுருளின் வளைவு எங்கே இறுகுகிறது, எங்கே நெகிழ்கிறது, உளி எந்தத் திசையில் சென்றது என்று பார்ப்பார். மேற்பலகையின் இருபுறமும் உள்ள, 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்தைப் போன்ற துளைகளின் சாய்வைக் கவனிப்பார். ஓரத்தைச் சுற்றிப் பதிக்கப்பட்ட மெல்லிய கறுப்பு வெள்ளைக் கோடு மூலைகளில் எப்படி வந்து சேர்கிறது என்று காண்பார். வார்னிசின் நிறமும் அது தேய்ந்திருக்கும் இடங்களும் அவருக்குப் பேசும். இவற்றையெல்லாம் நூலில் படித்து அறிதல் அரிது. நூற்றுக்கணக்கான கருவிகளைக் கையாண்ட கண்ணுக்கே அவை புலனாகும்.

இது மாயமன்று. மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்தும் ஆசிரியர் இரண்டாம் வரியைப் படிக்கும்போதே, "இஃது இவன் எழுதியதன்று, அண்ணன் எழுதிக் கொடுத்தது" என்று கண்டுகொள்கிறாரே, அதே ஆற்றல்தான். சொற்றேர்வும் நடையும் பிழையின் சாயலும் சேர்ந்து ஒரு முகம் போலத் தோன்றுகின்றன. ஆசிரியரின் கணிப்புப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் என்றோ ஒருநாள், மெய்யாகவே இரவெல்லாம் விழித்திருந்து அந்தக் கட்டுரையைத் தானே எழுதிய மாணவன் அவர்முன் நிற்பான். அவனை நோக்கி "இஃது உன்னுடையதன்று" என்று சொல்லிவிட்டால் அந்தக் காயம் எளிதில் ஆறுவதில்லை. போலியை மெய்யென்பது மட்டுமே தவறு என்று நாம் எண்ணுகிறோம். மெய்யைப் போலி என்பதும் அதற்குக் குறைந்த தவறன்று.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆக்ஸ்போர்டு நகரின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. 1716ஆம் ஆண்டைத் தாங்கிய அந்த வயலினுக்கு 'மெசையா' என்று பெயர். முந்நூறு ஆண்டு கடந்தும் அது நேற்றுச் செய்தது போலப் பளபளக்கிறது. அதன் பெருமைக்கும் அதன்மீது எழுந்த ஐயத்திற்கும் அந்தப் பளபளப்பே காரணமாயிற்று.

அதன் வரலாறாகச் சொல்லப்படுவது இது. ஸ்ட்ராடிவாரி அதனை விற்காமல் தம்மிடமே வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1775இல் மகன் பாவோலோ அதனைக் கோசியோ பிரபுவுக்கு விற்றார். அவரிடமிருந்து 1827இல் லூயிஜி டாரிசியோ என்னும் வணிகர் வாங்கினார். டாரிசியோ ஊரூராய் அலைந்து பழங்கருவிகளைத் திரட்டிப் பாரிசுக்குக் கொண்டுபோய் விற்றவர். பாரிசுக்கு வரும்போதெல்லாம் அவர் இந்த வயலினைப் புகழ்ந்து பேசுவார். ஆனால் அதனை ஒருமுறையும் கொண்டுவந்து காட்டியதில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த அலார் என்னும் கலைஞர், உம் வயலினும் மெசையாவைப் போல என்றும் எதிர்பார்க்கப்படுகிறதே ஒழிய வருவதேயில்லை என்று எள்ளினாராம். எள்ளலே பெயராகி நிலைத்துவிட்டது. 1854இல் டாரிசியோ இறந்தார். செய்தி கேட்ட பாரிசு நகரத்து வயலின் கலைஞர் வீயோம் உடனே இத்தாலிக்கு விரைந்து, டாரிசியோவின் உறவினரிடமிருந்து அவருடைய கருவித் தொகுப்பை வாங்கி வந்தார். மெசையா அதில் இருந்தது.

ஐயம் இங்கேதான் கால்கொள்கிறது. வீயோம் வெறும் வணிகரல்லர். அக்காலத்தில் பழங்கருவிகளைப் படியெடுத்துச் செய்வதில் நிகரற்றவர். பகானினியின் குவார்னேரி வயலினைச் செப்பனிட வாங்கியபோது, அதைப் போலவே இன்னொன்றைச் செய்து இரண்டையும் முன்வைத்தார் என்றும், பகானினியே எது தம்முடையது என்று அறியாமல் திகைத்தார் என்றும் கூறுவர். அத்தகைய கைவன்மை உடையவர், எவரும் கண்டிராத ஒரு வயலினோடு திரும்பி வருகிறார். அது புத்தம் புதிதாகவும் இருக்கிறது! நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இசைக்கருவிகளைப் பேணும் பொறுப்பிலிருந்த ஸ்டூவர்ட் பொலன்ஸ் 1990களின் பிற்பகுதியில் இந்த ஐயத்தை வெளிப்படையாக எழுப்பினார். கோசியோ எழுதிவைத்த குறிப்புகள் இந்தக் கருவியோடு முழுவதும் பொருந்தவில்லை என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று.

கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையே மூண்ட வழக்கைத் தீர்க்க மரத்தையே சாட்சிக்கு அழைத்தனர். வயலினின் மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. குளிர்நாட்டு மரம் ஆண்டுக்கொரு வளையமாகப் பருக்கிறது. நல்ல கோடை வாய்த்த ஆண்டில் வளையம் அகலமாகவும், குளிர் மிகுந்த ஆண்டில் ஒடுக்கமாகவும் அமையும். ஒரே வட்டாரத்தில் வளர்ந்த மரங்களில் இந்த அகலமும் ஒடுக்கமும் ஒரே வரிசையில் இருக்கும். ஆகவே ஆண்டு அறியப்பட்ட மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டு, பலகையின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆண்டைக் குறித்துவிடலாம். வளையங்களை ஒளிப்படங்களைக்கொண்டு ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஒருவர், ஸ்ட்ராடிவாரி மறைந்த பிறகும் அந்த மரம் வளர்ந்துகொண்டிருந்தது என்று முதலில் கருதினார். பின்னர் அக்கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கருவியை நேரில் அளந்த டோப்பம், மெக்கார்மிக் என்னும் இருவர், கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று தனியே அளந்து, பலகையில் 1577 முதல் 1687 வரையிலான வளையங்கள் இருப்பதாக 2004இல் அறிவித்தது.

வழக்கு முடிந்தது என்று பலரும் எண்ணினர். மரம் சொன்னது என்ன என்பதைச் சற்று நிறுத்தி நோக்கவேண்டும். 1687க்கு முன் இந்த வயலின் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதே மரம் சொன்னது. அதற்குப் பின் எப்பொழுது செய்யப்பட்டது என்பதை அது சொல்லவில்லை. எவர் செய்தார் என்பதை அதனால் சொல்லவே முடியாது. பழைய வீட்டின் உத்தரத்தைப் பிரித்தெடுத்து அந்த மரத்தில் கருவி செய்தவர்களும் உண்டு. கடைசி வளையம் 1750 என்று வந்திருந்தால் மெசையாவின் பெருமை அன்றே மண்ணாகியிருக்கும். 1687 என்று வந்தமையால், வீழ்வதற்கிருந்த ஒரு வழி அடைபட்டது, அவ்வளவே. மரத்தின் சான்று 'இல்லை' என்று சொல்லவேண்டி வந்தால் அழுத்தமாகச் சொல்லும். 'ஆம்' என்று சொல்ல அதற்கு நாவில்லை.

அங்ஙனமாயின் 'ஆம்' எங்கிருந்து வருகிறது? ஸ்ட்ராடிவாரி செய்தவை என்று ஏற்கப்பட்ட பிற கருவிகளின் மரத்தோடு இதன் வளைய வரிசை நெருங்கி ஒத்திருக்கிறது. உளித்தடம் ஒத்திருக்கிறது. கைமாறிய வரலாறு பெரும்பாலும் தொடர்ச்சியாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கருவிகளைக் கையாண்ட வல்லுநர் பலரும் இதனை ஏற்றிருக்கின்றனர். இவற்றுள் ஒன்றும் தனியே நின்று மெய்ப்பிக்காது. பல நூல்கள் முறுக்கேறிக் கயிறாவது போல, இவை சேர்ந்து சுமையைத் தாங்குகின்றன. ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் இன்றும் அதனை ஸ்ட்ராடிவாரியின் படைப்பு என்றே காட்சிக்கு வைத்திருக்கிறது. அவ்வாறு வைப்பது நேர்மையே. ஆயினும், ஐயுற்றவரை இகழ்ந்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டனர். அவர் ஐயுறாதிருந்தால் அந்த மரத்தை இத்தனை பேர் அளந்திருக்கவே மாட்டார்கள். இன்று நமக்குள்ள தெளிவு அவருடைய ஐயம் ஈன்ற பிள்ளை.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார். ஆராயாது நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் அவர் ஒருசேரக் கடிகிறார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்கு அது பொருந்தும். பொருளைத் தேரும் ஆய்வாளனுக்கு அதன் பிற்பாதி அப்படியே பொருந்துமா என்பது சிந்திக்கத்தக்கது. ஐயம் மனிதரின் உள்ளத்தைப் புண்படுத்தும். மரப்பலகையை அது புண்படுத்துவதில்லை. பலகையை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் அளக்கலாம்.

ஆனால் மரப்பலகைக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார்கள். அவர்களுடைய பணமும் இருக்கிறது. வயலின் உலகின் நெடுநாளைய நோய் இதுதான். கருவியை மதிப்பிட்டுச் சான்றிதழ் எழுதும் வல்லுநரே பெரும்பாலும் கருவி வணிகராகவும் இருந்து வந்திருக்கிறார். அவரை விட்டால் அத்தனை கருவிகளைக் கையாண்டவர் வேறு யார் இருக்கிறார்? அறிவு எங்கே குவிந்ததோ அங்கேயே ஆதாயமும் குவிந்தது. "இது ஸ்ட்ராடிவாரி" என்று அவர் எழுதும் ஒரு வரி, சில ஆயிரம் பெறும் பொருளைப் பல இலட்சம் பெறும் பொருளாக்கிவிடும். அந்த வரியை எழுதும் பேனாவைப் பிடிக்கும் கை நடுங்காதிருக்க எத்தனை நேர்மை வேண்டும்! வியன்னா நீதிமன்றம் 2012இல், உலகப் புகழ்பெற்ற வயலின் வணிகர் ஒருவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மதிப்புக் குறைந்த இரு வயலின்களை ஸ்ட்ராடிவாரியின் படைப்புகள் என்று காட்டி வங்கியில் ஈடு வைத்தது அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவர் அறியாமையால் தவறினார் என்று எவரும் கூறவில்லை. அவருக்கிருந்த அறிவையும் புகழையும் கண்டுதான் வங்கி நம்பியது.

"செய்தவர் எவராயிருந்தால் என்ன? இசை இனிமையாக இருந்தால் போதாதா?" என்று கேட்பாரும் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் சோதனையொன்று நடத்தினர். விடுதி அறையின் விளக்கைக் குறைத்து, வாசிப்போரின் கண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்து, பழைய வார்னிசின் மணம் காட்டிக்கொடுக்காதிருக்க முகவாய்க்கட்டையில் நறுமணமும் பூசினர். ஸ்ட்ராடிவாரி இரண்டு, குவார்னேரி ஒன்று, புதியவை மூன்று என ஆறு வயலின்களை 21 கலைஞர்கள் வாசித்துப் பார்த்தனர். மிகுதியானோர் விரும்பியது புதிய ஒன்றை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஸ்ட்ராடிவாரிகளுள் ஒன்று. தாம் தேர்ந்தெடுத்தது பழையதா புதியதா என்று 17 பேரிடம் கேட்டபோது, 7 பேர் தெரியாது என்றனர். 7 பேர் தவறாகச் சொன்னார்கள். 3 பேரே சரியாகச் சொன்னார்கள். பின்னர்ப் பாரிசில் பத்துத் தனியிசைக் கலைஞர்களைக்கொண்டு நடத்திய சோதனையும் ஏறத்தாழ இதே வழியில் சென்றது.

இந்தச் சோதனைகளைக் கேள்வியுற்றுச் சிலர் ஸ்ட்ராடிவாரியின் புகழே பொய் என்று துள்ளினர். அஃது அவசர முடிவு. செவி இன்பத்தைச் சொல்லும். வரலாற்றைச் சொல்லாது என்பதையே இவை காட்டின. செவியால் அறியக்கூடியது என்று நாம் நம்பியதில் பெரும்பகுதி, பெயரைக் கேட்ட மனம் செவிக்கு ஊட்டியது என்பதையும் காட்டின. இனிமைக்காக வாங்குபவர் பெயரைக் கேட்கவேண்டியதில்லை. பெயருக்காக விலை கொடுப்பவரிடம், "இனிமையாகத்தானே இருக்கிறது" என்று மறுமொழி கூறுவது ஏமாற்று. கேட்கப்பட்ட வினா வேறு, சொல்லப்பட்ட விடை வேறு.

'ஸ்ட்ராடிவாரி செய்தது' என்னும் தொடரே கூர்ந்து நோக்கினால் சற்று நெகிழ்வானது. அவர் பட்டறையில் பிரான்செஸ்கோ, ஒமோபோனோ என்னும் இரு மகன்களும் உழைத்தனர். முதிய தந்தையின் பெயரால் வெளிவந்த கருவியில் மகனுடைய கை எவ்வளவு? 19ஆம் நூற்றாண்டில் இசையரங்குகள் பெரிதானபோது, ஓசையும் பெருகவேண்டி, பழைய வயலின்கள் ஏறத்தாழ அனைத்திற்கும் கழுத்தை மாற்றினர். மேற்பலகையின் உட்புறத்தைத் தாங்கும் கட்டையை மாற்றினர். பிருடை, குதிரை, விரற்பலகை, நரம்பு எதுவும் முதலில் இருந்தவை அல்ல. மெசையாவின் கழுத்தையே வீயோம் நீட்டினார்; அதன் பிருடைகளும் அவர் பொருத்தியவையே. எஞ்சியிருக்கும் சுருள்தலையும் பலகைகளும் பக்கங்களும் பழையவையாயின் கருவி பழையது என்று வணிகர் ஒரு வழக்கை ஏற்படுத்திக்கொண்டனர். எங்கேனும் ஒரு கோடு கிழித்தாகவேண்டும் என்பதனால் கிழித்த கோடு அது.

இந்தச் சிக்கல்களுக்கிடையே ஏல நிறுவனத்தார் கைக்கொண்ட சொல்முறை ஒன்று தமிழாசிரியர்களின் கவனத்திற்குரியது. 'இன்னார் செய்தது' என்று அவர்கள் எழுதினால் அதற்கு ஒரு பொருள். 'இன்னார் செய்ததாகக் கருதப்படுவது' என்றால் வேறு பொருள். 'இன்னார் பட்டறையில் உருவானது', 'இன்னார் வழியினர் செய்தது', 'இன்னார் பெயர்ச்சீட்டை உடையது' என்று படிப்படியாக உறுதி தேய்ந்துகொண்டே வரும். கடைசித் தொடரில் கருவியைப் பற்றிய உறுதி எதுவுமில்லை. தாளைப் பற்றிய உறுதி மட்டுமே இருக்கிறது. விலையில் கோடிக்கணக்கான வேறுபாடு ஒரு வினைமுற்றில் அடங்கிவிடுகிறது. தாம் எவ்வளவு அறிந்தாரோ அவ்வளவுக்கே வினைமுற்று அமைக்கும் ஒழுக்கம் இது. 'கருதப்படுவது' என்று எழுதவேண்டிய இடத்தில் ஆசையாலோ அச்சத்தாலோ 'செய்தது' என்று எழுதுபவன் இலக்கணப்பிழை எதுவும் செய்வதில்லை. ஆயினும் பொய் சொல்லிவிடுகிறான். சான்றிதழைக் கேட்டு நிற்பவரின் கண்ணிலுள்ள ஏக்கத்தைக் கண்டபின்னும் 'கருதப்படுவது' என்றே எழுதுவதற்கு அறிவைக் காட்டிலும் நெஞ்சுரம் மிகுதியாக வேண்டும்.

பொய்ப்பெயர் வாங்குபவரை மட்டும் வஞ்சிப்பதில்லை. செய்தவரையும் வஞ்சிக்கிறது. மார்க்நோய்கிர்ஹனிலும், எல்லைக்கு அப்பால் இன்று லூபி என்று வழங்கும் ஷோன்பாக் என்னும் ஊரிலும், வயலின் வேலை குடிசைத் தொழிலாக நடந்தது. ஒரு வீட்டில் சுருள்தலை மட்டும் செதுக்கினர். இன்னொரு வீட்டில் பலகைகளைக் குடைந்தனர். வேறொரு வீட்டில் பொருத்தி ஒட்டினர். வணிகர் டசன் கணக்கில் வாங்கிக் கப்பலேற்றினார். உள்ளே ஒட்டப்பட்டது அவர்களுள் எவருடைய பெயருமன்று. எவர் கையையும் கண்டிராத கிரெமோனாக்காரரின் பெயர். அத்தகைய கருவிகளில் நல்ல நாதமுடையவை சில தப்பித்தவறி வந்ததுண்டு. அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்து, "இது ஸ்ட்ராடிவாரிதானா?" என்று கேட்பவரிடம் "இல்லை" என்று சொல்லிவிடுவது எளிது. "அப்படியானால் செய்தவர் யார்?" என்று அவர் அடுத்துக் கேட்டால், வல்லுநர் சுருள்தலையின் வளைவை மீண்டும் ஒருமுறை பார்ப்பார். தேர்ந்த கைதான், ஐயமில்லை. நாள்தோறும் சுருள்தலை ஒன்றையே செதுக்கிச் செதுக்கித் தேர்ந்த கை. ஊரைச் சொல்வார், ஏறத்தாழ ஆண்டையும் சொல்வார். பெயரைச் சொல்ல அவரால் இயலாது.